சூளை தந்த நிறம்

1988-இல் கொழும்பில் பிறந்து, கைக்குழந்தையாகச் சிட்னிக்குப் புலம்பெயர்ந்தவர் ரமேஷ் மரியோ நித்தியேந்திரன். ஓவியம் பயின்றவர், பின்னர் களிமண்ணுக்கு வந்தார். தூரிகைக்குப் பணியும் நிறம் சூளைக்குப் பணிவதில்லை. வெளிறிக் கிடக்கும் பூச்சு, வெந்த பின்பே தன் நிறம் காட்டும்; சில வேளை வழியும், வெடிக்கும். அவற்றை அவர் மறைப்பதில்லை.

2016-இல் கான்பெராவின் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் அவருடைய 'மட் மென்' சிற்பங்கள் காட்சிக்கு வந்தன. பல்லிளிக்கும் அவ்வுருவங்களை நிழற்படங்களில் கண்டபோது என் மனம் சற்றே கூசியது. இந்து, கிறிஸ்தவ மரபுகளிலிருந்து உருவங்களை எடுத்தாளும் அவர், தம்மை இறைநம்பிக்கையற்றவர் என்கிறார். நம்பாதவர் தெய்வ உருவம் வனையலாமா என்று கேட்போர் நம்மிடையே உண்டு. ஆதாமின் கதையைக் கேட்டு வளர்ந்த நானோ, மண்ணை இத்தனை நெருக்கமாகத் தொட்டதில்லை. அவர் விரல் அழுத்திய தடங்கள் அச்சிலைகளில் வெந்து இறுகி அப்படியே நிற்கின்றன.