உடைந்த கிராஸ் சொன்ன உண்மை

'யுனிவர்சல் ஜாயின்ட்' என்றதும் படம் வரைந்து பாகம் குறிக்கிற பரீட்சைக் கேள்விதான் நமக்கு ஞாபகம் வரும். போன மழைக்காலம் வரை எனக்கும் அப்படித்தான்.

என் அப்பா போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் டிரைவர். வண்டி முதலாளியுடையது. ஒருநாள் காலை தோட்டத்துச் சேற்றில் ஃபோர் வீல் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஏறும்போது முன்பக்கம் 'டமார்' என்று சத்தம். பிரேக் பிடித்தும் வண்டி பின்னால் சறுக்கியது. உள்ளே எட்டுப் பெண்கள்! கிளீனர் பாய்ந்து சக்கரத்துக்குக் கல் வைத்ததால் தப்பினார்கள். முன் அச்சு கிராஸ் உடைந்திருந்தது.

"டிரைவர் கவனக்குறைவு. செலவைச் சம்பளத்துல பிடிச்சுக்குவேன்" என்றார் முதலாளி. அப்பா வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அப்பா மேல் தப்பில்லை என்று நிரூபிக்க ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன்.

கிராஸின் நான்கு கப்பில் மூன்றில் கிரீஸ் இருந்தது. நான்காவதில் சீல் நைந்து, தண்ணீர் இறங்கி, கிரீஸுக்குப் பதில் சிவப்புத் துருப்பொடி. நீடில் பேரிங் ஊசிகள் கிராஸ் காலில் வரிவரியாகப் பள்ளம் பதித்திருந்தன. இது ஒரே நாளில் வந்த தேய்மானம் அல்ல. "திருப்பும்போது டக் டக்குன்னு சத்தம் வருதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். அடுத்த மாசம் பாக்கலாம்னாரு" என்றார் அப்பா.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் நோட்டைப் புரட்டியதும் இன்னொரு உண்மை தெரிந்தது. ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் இரண்டு கிராஸ் இருப்பதால் ஒன்றின் வேக ஏற்றத்தாழ்வை மற்றது சரிக்கட்டும். முன் அச்சில் சக்கரத்துப் பக்கம் ஒன்றுதான். 30 டிகிரி ஒடித்தால், அச்சு 100 வேகத்தில் சுற்றும்போது சக்கரத்தின் வேகம் 86.6-க்கும் 115.5-க்கும் இடையே ஒரு சுற்றில் இரண்டு தடவை ஏறி இறங்கும். கோணம் கூடக்கூட கிராஸ் மேல் விழும் பளுவும் கூடும். இந்த ஏற்றத்தாழ்வு வராமலிருக்கத்தான் சி.வி. ஜாயின்ட். ஆகவே முழுக்க ஒடித்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ஒரு காரணம்!

இதை அப்பாவிடம் சொல்லலாமா, மறைக்கலாமா? ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. காலையில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அப்போ ரெண்டையும் சொல்லுவோம்டா. உள்ளே இருந்தது எட்டு உசுரு" என்றார்.

துருப்பிடித்த கப்பை மேஜை மேல் வைத்து முதலாளியிடம் இரண்டையும் சொன்னோம். வெகுநேரம் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார். இப்போது சத்தம் கேட்டால் வண்டி அன்றே நிற்கிறது. அப்பாவும் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கிய பிறகே மிதிக்கிறார்.

நண்பர்களே, நாம் படிக்கும் படிப்பு நமக்கு வேண்டியவர் பக்கம் மட்டும் சாட்சி சொல்லாது. உடைந்த பாகம் பொய் சொல்வதில்லை. அதைப் படிக்கத் தெரிந்த நாமும் சொல்லக்கூடாது!