எழுதிக் கொடுப்பதற்கு முன்

பிள்ளை பேருக்கு வீட்டை எழுதி வையுங்கள். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பத்திரத்தில் உங்கள் சோற்றுக்கும் இருப்பிடத்துக்கும் ஒரு வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். என் வயதுக்காரர்களிடம் திரும்பத் திரும்ப நான் சொல்லிவருவது இதைத்தான்.

பத்திர எழுத்தராக சார்பதிவாளர் அலுவலக வாசலிலேயே என் ஆயுசில் பாதி போனது. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, பவர் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். மனசை உறுத்தியது செட்டில்மெண்ட் பத்திரம் ஒன்றுதான். மற்றவற்றில் கொடுப்பவர் கையிலும் ஏதாவது வந்து சேரும். இதில் எதுவும் வராது. குடும்பத்துக்குள் எழுதுவதால் செலவும் கிரயப் பத்திரத்தைவிடக் குறைவு. அதனாலேயே, “நீங்க நடமாட்டமா இருக்கும்போதே முடிச்சிடலாம்பா” என்று பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள்.

அதன் வாசகம் எங்களுக்கெல்லாம் மனப்பாடம். ‘உன் மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று வரும். ‘சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று நீளும். ‘எக்காலத்திலும் எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்ய மாட்டேன்’ என்று முடியும். எழுதிக் கொடுத்தவர் நாளைக்கு எங்கே படுப்பார், அவருக்கு மாத்திரை யார் வாங்கித் தருவார் என்பது அதில் எங்குமே இருக்காது.

ஒரு பாட்டியம்மா வந்திருந்தார். களையெடுத்து, பாத்திரம் தேய்த்து, விரலில் ரேகையே அழிந்துபோயிருந்தது. கைரேகை வைக்கும் கருவி அவர் விரலை ஏற்கவில்லை. மகன் அம்மாவின் விரலைத் துண்டால் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்தார். உள்ளே போவதற்கு முன்பு நான் கேட்டிருந்தேன்: “ஆத்தா, இதுக்கப்புறம் நீங்க எங்க இருப்பீங்க?” அவர் யோசிக்கவே இல்லை. “எம் மவன் வூட்லதான்” என்றார். அந்த நிமிஷம் வரைக்கும் அது அவருடைய வீடு.

அதைப் பத்திரத்திலேயே எழுதிவிடலாமா என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முகம் மாறிவிடும். “எங்கம்மாவ நான் பாத்துக்க மாட்டேனா சார்?” என்பார்கள். பார்த்துக்கொள்கிற பிள்ளைக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லையே, தம்பி என்பேன். சிலர் சரி என்றார்கள். சிலர் பக்கத்துக் கடைக்கு எழுந்து போனார்கள்.

அந்த வரி ஏன் இவ்வளவு முக்கியம்? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 என்று ஒன்று இருக்கிறது. அதன் 23ஆம் பிரிவு சொல்வது இது: 60 வயது நிறைந்த ஒருவர், தன் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் போனால், அந்தச் சொத்தை மோசடி செய்தோ மிரட்டியோ வாங்கியதாகவே கருதி, எழுதிக் கொடுத்தவர் விரும்பினால் இந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்குத்தான் இது பொருந்தும். பதிவான செட்டில்மெண்டை நாமே ஒருதலையாக ரத்து செய்ய முடியாது என்றிருக்கும் நிலையில், சிவில் கோர்ட்டில் வருஷக்கணக்காக அலையாமல் சொத்தைத் திரும்ப வாங்க முதியவர்களுக்கு இருக்கும் வழி இது.

நிபந்தனை எழுதாமல் விட்டவர்கள் கதி என்ன? இங்கேதான் தீர்ப்புகள் முன்னும் பின்னுமாகப் போயிருக்கின்றன. நிபந்தனை இருந்தது என்பதை நிரூபித்தாக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்துக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு தாயின் வழக்கு வந்தது. பத்திரத்தில் நிபந்தனை இல்லை என்று உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்த்திருந்தது. ‘கடைசிவரை பார்த்துக்கொள்வேன்’ என்று மகன் தனித்தாளில் எழுதிக்கொடுத்த உறுதிமொழி அந்தத் தாயிடம் இருந்தது. இது முதியவர்களின் நன்மைக்காக வந்த சட்டம், தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் சொத்தை அவருக்கே திருப்பித் தந்தது. அதே வருஷம் மார்ச்சில், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. நிபந்தனை வெளிப்படையாக எழுதப்படாவிட்டாலும், அன்பின் பேரில் எழுதிக் கொடுத்த பத்திரத்தில் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை உள்ளடங்கியே இருக்கிறது என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பைப் படித்ததும் கண் கலங்கியது. வாழ்நாளெல்லாம் நான் எழுதிய அந்தப் பழைய வாசகத்துக்கு ஓர் உயர் நீதிமன்றம் உயிர் கொடுத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு வழக்கிலும் தீர்ப்பு இப்படியே வரும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். எழுதிவிட்டால் சண்டையே இல்லை.

எப்படி எழுதுவது? ‘என் ஆயுட்காலம் வரை இந்த வீட்டில் நான் குடியிருக்கும் உரிமையை வைத்துக்கொள்கிறேன். என் உணவு, உடை, மருத்துவச் செலவுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இதை எழுதிக் கொடுக்கிறேன். தவறினால் இந்தப் பத்திரத்தை ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு.’ இவ்வளவு போதும். கணவன், மனைவி இருவரும் இருந்தால் இருவர் பேரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கணவருக்குப் பிறகு மனைவி நடுத்தெருவில் நின்ற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கும் மனசு வரவில்லையென்றால் உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். உங்கள் கையெழுத்தும், அதை நேரில் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. உங்கள் காலத்துக்குப் பிறகே அது நடைமுறைக்கு வரும். அதுவரை வீடு உங்களுடையது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் வருவாய் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். ஆர்.டி.ஓ. என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர்தான் இந்தச் சட்டத்தின் கீழ் தீர்ப்பாயத்தின் தலைவர். சொத்தே இல்லாத பெற்றோரும் அங்கே பராமரிப்புத் தொகை கேட்கலாம். மகன் மட்டுமல்ல, மகளும், வளர்ந்த பேரன் பேத்தியும் சட்டத்தின் கண்ணில் பொறுப்பானவர்கள்தான். பிள்ளையில்லாதவர்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் உறவினரிடம் கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடச் சட்டத்தில் இடமிருக்கிறது. விசாரணை முடிவதற்குள்ளேயே இடைக்காலத் தொகை கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. தேதி தள்ளிக்கொண்டே போனால் அந்த 90 நாளை எழுத்தில் நினைவூட்டுங்கள். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நீங்களே பேசலாம், இல்லையென்றால் பராமரிப்பு அலுவலரான மாவட்ட சமூகநல அலுவலரை உங்கள் சார்பில் பேசக் கேட்கலாம். நடக்க முடியாதவருக்காக வேறொருவர் மனு கொடுக்கலாம். உத்தரவு திருப்தியில்லையென்றால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு.

இவ்வளவு இருந்தும் நம்மவர்கள் போவதில்லை. காரணம் அறியாமை மட்டுமல்ல. மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்து உட்கார்ந்த பெரியவர் ஒருவர், பாதியில் என் பேனாவைப் பிடித்து நிறுத்தினார். “அவன் நல்லவன்தாங்க. ஊருக்குத் தெரிஞ்சா அவன் பேரு கெட்டுடும்” என்றார். அன்று காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பிள்ளையைக் காட்டிக்கொடுக்கிறோம் என்ற அந்தக் கூச்சம்தான் நம் தலைமுறையைப் பட்டினி போடுகிறது. சட்டத்தில் முதல் படியே சமரசம்தான்: இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேச சமரச அலுவலரிடம் அனுப்பலாம், அதற்கு ஒரு மாத அவகாசம் இருக்கிறது. பராமரிப்புத் தொகை மனுவில் ஜெயில் என்பது, உத்தரவு போட்ட பிறகும் பணம் கட்டாமல் இருப்பவருக்கு. பசியைச் சொல்வதில் அவமானம் இருந்தால் அது சாப்பாடு போடாதவரைத்தான் சேரும்.

கோர்ட் வரை போக வேண்டியிருந்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் கிடையாது. தாலுகா அளவிலும் குழு உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். முதியோருக்கென்றே இருக்கும் உதவி எண் 14567, காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை.

இதைப் படிக்கிற இளையவர்களே, இந்த இரண்டு எண்களையும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனில் இன்றைக்கே பதிந்து கொடுங்கள். பெரியவர்களே, யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், நீட்டியவரைச் சேராத ஒருவரைக் கொண்டு முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.