பொடனியில் ஒரு துண்டு

தர்மபுரியில் ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி அறை. காலை பத்தரை மணி. அம்மாவின் முழங்காலுக்குக் கரண்ட் வைத்திருக்கிறார்கள். இருபது நிமிடம் ஆகும். சுவரோரப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

எதிர்க் கட்டிலில் ஒரு பெண். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். பென்னாகரம் பக்கத்துக் கிராமம். அருகில் ஸ்டூலில் அவளுடைய ஆயா, மடியில் மஞ்சப்பையுடன். பெண் நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் தலை மட்டும் உடம்பை விட்டு மூன்று விரற்கடை முன்னால் நிற்கிறது. ஆயாவின் கழுத்தோ நட்டுவைத்த கம்பம் போல இருக்கிறது. அந்தக் காலத்தில் சும்மாடு வைத்துக் குடம் சுமந்த கழுத்து, அதுதான் இந்த நிமிர்வு என்று நினைத்துக்கொள்கிறேன்.

"எங்கம்மா வலி?" தெரபிஸ்ட் கேட்கிறார். முப்பது வயதுக்குள் இருப்பார்.

பெண்ணின் கை பின்னால் போய்ப் பொடனியைத் தொடுகிறது. அங்கிருந்து வலது தோளுக்கு இறங்கி, தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் நின்றுவிடுகிறது.

"கைக்கு இறங்குதா? விரல் மரத்துப்போகுதா? நடக்கும்போது தள்ளாட்டம்?"

ஒவ்வொன்றுக்கும் இல்லை என்கிறாள். தெரபிஸ்ட் தன் இரண்டு விரல்களை நீட்டி அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார். பிடி நன்றாக இருக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் பயிற்சி சொல்லித்தர மாட்டாராம். முதலில் டாக்டரிடம்தான் அனுப்புவாராம்.

"செல்லு ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம்?"

பெண் தயங்குகிறாள். ஆயா முந்திக்கொள்கிறாள். "எந்நேரமும் அதேதான் டாக்டரம்மா. குனிஞ்ச தலை நிமிர்றதே இல்ல."

எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்குப் பெருமையாகச் சொல்லும் வார்த்தை அது. இங்கே அதைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிடுகிறது. "படிக்கிறேன் ஆயா" என்கிறாள். குரூப் ஃபோர் தேர்வுக்கு. வகுப்பு யூடியூபில், குறிப்புகள் டெலிகிராமில், மாதிரித் தேர்வும் அதே கையகலத் திரையில். டவுனில் பயிற்சி மையத்தில் சேர வசதியில்லை. பாயில் சம்மணம் போட்டு, மடியில் செல்லை வைத்துக்கொண்டு, காலையில் மூன்று மணி நேரம், ராத்திரி மூன்று மணி நேரம்.

செல்லை விட்டுவிடு என்று தெரபிஸ்ட் சொல்லவில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வருகிறது. அந்தப் பெண்ணின் நூலகம் அது. பிடுங்கிவிட்டு எதைக் கொடுப்பது?

சுவரில் ஒரு படம். தலை குனியக் குனியக் கழுத்தில் ஏறும் பாரத்தைக் கிலோவில் காட்டுகிறது. நிமிர்ந்திருக்கும்போது தலையின் எடை ஐந்து கிலோ அளவு. 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ. நியூயார்க் முதுகெலும்பு அறுவை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கணக்கு அது. தெரபிஸ்ட் வாசித்துக் காட்டியதும் ஆயா வாயில் கை வைக்கிறாள். "ஒரு சிப்பம் அரிசிக்கு மேலயா கண்ணு?"

இந்தப் படத்தை எல்லா ஊரிலும் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. ஆட்களின் கழுத்தில் அளந்ததல்ல. 2018இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 150 இளைஞர்களைப் பார்த்த ஆய்வாளர்கள், குனிந்து செல் பார்ப்பதற்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு தெரியவில்லை என்று எழுதினார்கள். இந்தத் தெரபிஸ்டும் கோணத்தைப் பெரிதாக்கவில்லை. "எப்படி வேணா உக்காரு பாப்பா. ஆனா அரை மணிக்கு மேல அப்படியே இருக்காத. எழுந்து தண்ணி குடி, கையை நீட்டு, வாசல் வரைக்கும் போயிட்டு வா." அசையாமல் கிடப்பதுதான் தசையை இறுக்குகிறது என்பது அவருடைய எண்ணம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இடையில் ஒரு பையன் எட்டிப் பார்க்கிறான். சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்ததிலிருந்து வலி கூடியிருக்கிறதாம். தெரபிஸ்டின் முகம் மாறிவிடுகிறது. அப்படி வெடுக்கென்று திருப்பியதில் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி, கதவு வரை வந்து வழி காட்டிவிட்டுத் திரும்புகிறார்.

திரும்பியவர் கண் ஆயாவின் மேல் விழுகிறது.

"ஆயா, மோவாயை நெஞ்சுல தொடுங்க பாக்கலாம்."

ஆயா குனிய முயல்கிறாள். பாதி வழியில் கழுத்து நின்றுவிடுகிறது. இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிப் பிடரியில் கோக்கச் சொல்கிறார். கைகள் காது வரைதான் வருகின்றன. குனிந்து கால் விரலைத் தொடுவது முடியவே இல்லை.

"சின்ன வயசுலருந்து எந்தத் தண்ணி குடிச்சீங்க?"

"போர்த் தண்ணிதான் சாமி. பல்லெல்லாம் அப்பவே காவி."

தெரபிஸ்ட் ஒரு சீட்டில் எக்ஸ்-ரேக்கு எழுதுகிறார். இந்த மாவட்டத்துக்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பாறைக்குள்ளிருந்து ஃபுளோரைடு கரைந்து வரும் நிலத்தடி நீர். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்திய நிர்ணயம். அதற்கு மேல் பல வருடம் குடித்தால் முதலில் பல்லில் கறை, பிறகு எலும்பிலும் தசைநாரிலும் படிந்து முதுகும் கழுத்தும் இறுகும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கிவைத்தார்கள். ஆயா அதற்கு முன் அரை நூற்றாண்டு குடித்துவிட்டாள். சும்மாட்டின் நிமிர்வு என்று நான் ரசித்தது இதைத்தான். குனிய முடியாத கழுத்தும் நிமிர முடியாத கழுத்தும் ஒரே வீட்டிலிருந்து வந்திருக்கின்றன.

இப்போது பெண்ணின் முறை.

"ஒரு விரலை மோவாயில வை. தலையை மேலயும் தூக்காத, கீழயும் போடாத. விரலை விட்டு மோவாய் பின்னால போகணும். ரெட்டைத் தாடை விழும், விழட்டும். அஞ்சு எண்ணு. விடு."

அசைவு அரை விரற்கடைகூட இல்லை. ஆனால் காது தோளுக்கு நேராக வரத் தொடங்குகிறது. பத்து தடவை. பிறகு தோள்பட்டை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் நெருக்குவது. வலது கையால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் தலை சாய்த்து அரை நிமிடம். நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ள, தலை அசையாமல் எதிர்த்து நிற்பது. கழுத்தை வட்டமாகச் சுற்றவே கூடாது என்று இரண்டு முறை சொல்கிறார்.

"இவ்வளவுதானாங்க? கரண்ட் வைக்க மாட்டீங்களா?" பெண்ணின் குரலில் ஏமாற்றம். இங்கே வருகிற எல்லோரும் கேட்பது. வயர் போட்டால்தான் வைத்தியம் நடந்த மாதிரி.

"கரண்ட் வலியை அமர்த்தும், அவ்வளவுதான். கழுத்தைத் தாங்குற தசைக்குப் பலம் நீதான் கொடுக்கணும். தினமும் ரெண்டு வேளை, ஆறு வாரம். வீட்டுல மேசை இருக்கா?"

"தையல் மிஷின் இருக்கு."

"அது போதும். அது மேல ராகி டின்னை வெச்சு, அதுல செல்லைச் சாச்சு வை. கண்ணுக்கு நேரா வரும்."

கடைசிப் பயிற்சி மல்லாந்து படுத்து. பொடனிக்கு அடியில் வைக்கத் துண்டைச் சுருட்டுகிறார் தெரபிஸ்ட். அது நெகிழ்ந்து நெகிழ்ந்து பிரிகிறது. ஆயா எழுந்து வருகிறாள். பேசாமல் துண்டை வாங்கி, உதறி, நீளவாக்கில் மடித்து, ஒரு முறுக்கு முறுக்கிச் சுருட்டுகிறாள். எத்தனை ஆயிரம் சும்மாடு சுற்றிய கை. இறுகிய அந்தக் கழுத்தில் இல்லாத லாவகம் விரல்களில் இருக்கிறது. பேத்தியின் தலையை ஒரு கையால் தூக்கித் துண்டைக் கீழே வைக்கிறாள்.

"ஆமான்னு சொல்ற மாதிரி லேசா தலையை ஆட்டி, பொடனியால துண்டை அமுக்கு. ஆயா, நீங்க எண்ணுங்க."

ஆயா எண்ணுகிறாள். ஒண்ணு. ரெண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் துண்டு கொஞ்சம் அமுங்கி எழுகிறது. பெண் கண்ணை மூடியிருக்கிறாள். அவளுடைய செல் மஞ்சப்பைக்குள் ஒருமுறை அதிர்கிறது, யாரும் எடுக்கவில்லை.

ஆறு. ஏழு. எண்ணிக்கொண்டே, தன்னை அறியாமல், ஆயாவும் தன் மோவாயை உள்ளே இழுத்துப் பார்க்கிறாள்.

அம்மாவின் மெஷின் கூவுகிறது.