முக்காற்பங்கு

35 வயதில் கனடாவுக்கு வந்த என்போன்றோர் 65-இல் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியத்தில் முக்காற்பங்கையே பெறுவோம். முழுமைக்கு 40 ஆண்டு வாசம் வேண்டும். குறைவதை நாமே சேர்க்கவேண்டும். ஆகவே வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் குறியீட்டு நிதியை நானே மாதந்தோறும் வாங்கிவருகிறேன். முகவர் காட்டிய பரஸ்பர நிதிக்கு ஆண்டுக் கட்டணம் இரண்டு வீதம்: 50,000 டாலருக்கு 1,000 டாலர், நட்டம் வந்த ஆண்டிலும். இதற்கோ ஏறக்குறைய 125 டாலர்.

2020 மார்ச்சில் டொராண்டோ பங்குச்சந்தை மூன்றிலொரு பங்குக்குமேல் சரிந்திருந்தபோது, சபையின் மூத்த சகோதரர் ஒருவர், "போதகரே, எல்லாவற்றையும் விற்றுவிடட்டுமா?" என்று கேட்டார். பணம் எப்போது தேவை என்றேன். "மகளின் திருமணத்துக்குக் கொஞ்சம், அடுத்த ஆண்டு." அந்தக் கொஞ்சம் சந்தைக்குள் போயிருக்கவே கூடாது. அதை மட்டும் விற்றார். மற்றது இன்றும் அங்கேயே இருக்கிறது.