கேஸ் மாத்திரையும் கணக்கில் உண்டு

புற்றுநோய் மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் “வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று கேட்டால், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போடுவதைச் சொல்வார்கள். கேஸ் மாத்திரையைச் சொல்ல மாட்டார்கள். பான்டோபிரசோலையும் ஒமிபிரசோலையும் நம் ஊரில் யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. மருந்தாளுநராக நான் முதலில் தேடுவது அதைத்தான். அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: “காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் வாயில என்னென்ன போடுறீங்கம்மா, ஒண்ணொண்ணாச் சொல்லுங்க.” பல் துலக்கியதும் வெறும் வயிற்றில் போடுகிற அந்த மாத்திரை அப்போதுதான் வெளியே வரும்.

நுரையீரல் புற்றுநோய்க்குத் தரும் எர்லோட்டினிப், வயிற்றில் அமிலம் இருந்தால்தான் நன்றாகக் கரையும். கேஸ் மாத்திரையால் அமிலம் குறைந்தால் கரையாத பகுதி குடலோடு போய்விடும். ஒமிபிரசோலைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ரத்தத்தில் சேர்ந்த எர்லோட்டினிப் 46 சதவீதம் குறைந்தது. கிட்டத்தட்டப் பாதி மருந்து வீண். ஜெஃபிட்டினிபுக்கும், ரத்தப் புற்றுநோய்க்கான டசாட்டினிபுக்கும் இதே தொல்லை உண்டு. என்னை அதிகம் வருத்துவது, இது வெளியே தெரியாது என்பதுதான். வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தால் “மருந்து கேட்கவில்லை” என்று எழுதிவிடுவோம். மருந்து போய்ச் சேரவேயில்லை என்று யாருக்குத் தோன்றும்?

வார்டில் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தை அதிக அளவில் ஏற்றும்போது அதே கேஸ் மாத்திரை வேறு விதமாகக் கெடுக்கும். சிறுநீரகம் மருந்தை வெளியேற்றுவது தாமதமாகி, வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் அங்கே ஆபத்துதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லோருடைய கேஸ் மாத்திரையையும் நிறுத்தச் சொல்வது வேலையாகாது. இமாட்டினிப், ஓசிமெர்ட்டினிப் ஆகிய புற்றுநோய் மாத்திரைகளுக்கு இதனால் பாதகமில்லை. குடல்புண் வந்தவருக்கு அது தேவையும்கூட. யார் எழுதியது, எப்போது, எதற்காக என்று கேட்டுக்கொண்டே பின்னால் போக வேண்டும். எப்போதோ ஒரு காய்ச்சலுக்குச் சில நாட்கள் சாப்பிடச் சொன்னது, யாரும் நிறுத்தச் சொல்லாததால் தொடர்ந்துகொண்டிருக்கும். அப்படியானால் மருத்துவரிடம் பேசி நிறுத்திவிடலாம். எர்லோட்டினிப் சாப்பிடுகிறவருக்கு அமிலத்துக்கு ஏதாவது வேண்டியே இருந்தால், அவர் சம்மதத்தோடு ஃபமோட்டிடினுக்கு மாற்றி நேரத்தைப் பிரிக்கலாம். அதைப் போட்டு 10 மணி நேரம் கழித்துத்தான் எர்லோட்டினிப். இரவு 8 மணிக்கு ஒன்று, காலை 6 மணிக்கு மற்றொன்று, 7 மணிக்கு மேல் இட்லி. இதைப் பெரிய எழுத்தில் எழுதி, மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மகளிடமோ மருமகளிடமோ திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். அந்தச் சில நிமிடங்களை எந்த அவசரத்திலும் விட்டுக்கொடுப்பதில்லை.

வீட்டில் யாராவது புற்றுநோய் மாத்திரை சாப்பிட்டால், கேஸ் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கஷாயப் பொடி இருந்தால் அதையும், ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.