சாப்பிட்ட மாதிரிதான்

எம்.ஏ. தமிழ் வகுப்பில் கம்பனின் அயோத்தியா காண்டம் நடந்தது. குகன் தேனும் மீனும் கொண்டுவந்து வைக்கிறான். அன்போடு தந்தது, உண்டது போலத்தான் என்கிறான் இராமன். உண்ணவில்லை. ஆனால் குகனைச் சகோதரன் ஆக்கிக்கொள்கிறான். தோழமைக்கு இதுதான் இலக்கணம் என்று உருகினார் ஆசிரியர். நானும் உருகினேன்.

அந்த வருசம் லீவுக்கு வகுப்புத் தோழன் ஒருவன் எங்க சேரிக்கு வந்தான். விடுதியில் என்னோடு ஒரே தட்டில் தின்றவன். அம்மா கடன் வாங்குன அரிசியில சோறாக்கி, கருவாட்டுக் குழம்பு வச்சுக் காத்திருந்தா. தெருமுனையில் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“வயிறு நெறஞ்சிருக்கும்மா. சாப்பிட்ட மாதிரிதான்” என்றான்.

அவன் போனதும் அம்மா கேட்டா: “ரெண்டு பஸ்ஸு மாறி வந்த புள்ளைக்கு எப்பிடிடா பசிக்காம இருக்கும்?”

இராமன் தவக்கோலத்தில் இருந்தான், அதனால் உண்ணவில்லை என்பார்கள். என் நண்பன் எந்தத் தவத்தில் இருந்தான்?

சகோதரத்துவம் இல்லாவிட்டால் சுதந்திரமும் சமத்துவமும் வெறும் மேற்பூச்சுதான் என்று 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார் அண்ணல் அம்பேத்கர். சட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறது. எங்க தெருவுக்கு அது இன்னும் பசியோடு வந்து உட்காரவில்லை.

தம்பின்னு கூப்பிடறது சுலபம். மொதல்ல சோத்துல கைய வைங்க. தோழமையை அப்புறம் பாடலாம்.