சுக்கான் பிடிக்க மூன்றாவது ஆள்

230 வோல்ட்டிலேயே ஊறிப்போன வயரிங்காரர்களுக்கு 12 வோல்ட் என்றால் கொஞ்சம் இளக்காரம்தான். தொட்டால்கூட அடிக்காதே! ஆனால் பாய்மரப் படகுக்குள் வந்துவிட்டால் அந்த 12 வோல்ட்தான் ரொம்பக் கறார்.

அத்தானுக்கு 63 வயது. போர்ட் கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரை அக்காவும் அவரும் மட்டும் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இருவர் மட்டும் என்றால் இரவெல்லாம் மாற்றி மாற்றிச் சுக்கான் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும். அவருக்குத் தோள்வலி, அக்காவுக்கு மணிக்கட்டு வலி. அதனால் ஓர் ஆட்டோபைலட் வாங்கினார். மாட்டிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்.

இதில் மூன்று உறுப்புகள்: திசை சொல்லும் காம்பஸ், கணக்குப் போடும் கணினி, சுக்கானைத் தள்ளி இழுக்கும் மோட்டார் கை. அலை பெரிதானால் அந்தக் கை 10 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து பின்பக்கம் 7 மீட்டர். போய்வர 14 மீட்டர் வயர். வீட்டு பிளக்குக்குப் போடும் 2.5 எம்எம் வயரைப் போட்டால் வழியிலேயே ஏறக்குறைய 1 வோல்ட் காணாமல் போய்விடும். 230-இல் 1 வோல்ட் யாருக்கும் தெரியாது. 12-இல் அது எட்டு விழுக்காடு. காற்று அடிக்கும்போதுதான் மோட்டாருக்குப் பலம் வேண்டும். அப்போது பார்த்து அது சோர்ந்துவிடும். 10 எம்எம் போட்டோம். இழப்பு கால் வோல்ட்டாகக் குறைந்தது. வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான், உப்புக் காற்றுக்கு வெறும் செம்பு கறுத்துப் போகும். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே.

காம்பஸுக்கு இரும்பும் ஆகாது, காந்தமும் ஆகாது. ஸ்பீக்கர், எஞ்சின் இரண்டுக்கும் எட்ட, படகின் நடுவில் ஓர் அலமாரிக்குள் வைத்தோம். பக்கத்து அலமாரியில் அக்காவின் முறுக்கு டின் இருந்தது. அதற்கு உடனே இடமாற்றம்! அந்தப் பக்கமாகப் போகும் மின்வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டோம். அப்போது அவற்றின் காந்தப்புலம் ஒன்றையொன்று அடக்கிவிடும்.

தகராறு வந்தது பட்டன் பலகையில்தான். மழை படாமல் கீழே வரைபட மேசைக்கு மேல் வைக்கச் சொன்னார் அத்தான்.

"நீங்க தண்ணியில விழுந்தா அக்கா எங்க ஓடிப் போய் அமுக்குறது, அத்தான்?"

"நான் ஏன்டா விழுறேன்?"

இந்தக் கருவியின் உண்மையான ஆபத்து அதுதான். கைச்சுக்கானை விட்டால் படகு தடுமாறும், காற்றுப் பக்கம் திரும்பும். ஆட்டோபைலட்டுக்கோ ஆள் விழுந்தது தெரியாது. சொன்ன திசையில் சமர்த்தாகப் போய்க்கொண்டே இருக்கும். 5 நாட் வேகத்தில் ஒரே நிமிடத்தில் 150 மீட்டர். அலைக்கு நடுவே ஒரு தலை அவ்வளவு தூரத்தில் தெரியாது, இரவில் கேட்கவே வேண்டாம்.

அதற்குக் கண்ணும் கிடையாது. மலாக்கா நீரிணையில் கொள்கலன் கப்பல்கள் ஒரு பக்கம், விளக்கில்லாத மீன்வலைகள் இன்னொரு பக்கம். விடியற்காலையில் சுமத்ரா புயல்காற்று வந்தால் திசை சட்டென்று மாறும். எந்தக் கருவி இருந்தாலும் ஒருவர் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி.

பலகை மேலே, சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்தது. அக்கா கைக்கு எட்டும் உயரம்.

அமைதியான ஒரு காலையில் படகை மெதுவாக வட்டமடிக்க வைத்து காம்பஸைச் சரிசெய்தோம். பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு ரப்பர் மிதவையைக் கடலில் போட்டேன். முதல்முறை அக்கா பட்டனைத் தேடினார். மூன்றாவது முறை பார்க்காமலே அமுக்கி, படகைக் காற்றுக்கு எதிரே திருப்பி, மிதவையைக் கொக்கியால் தூக்கினார். அத்தான் கீழே தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்.

கிளம்புவதற்கு முன் அக்கா ஒரு நிபந்தனை போட்டார்: இருட்டில் மேலே வருபவர் இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும். அத்தான் முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார்.